தொட்டில் மச்சானும் இரண்டு கோடி வயதுக் கைக்குழந்தையும்

என் மனைவியின் அண்ணனுக்கு எங்கள் வானியல் நிறுவனத்தில் தொட்டில் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவர் சந்தோஷப்படத்தான் செய்வார். இளம் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் வயதைக் கணித்துப் பேர் வாங்கியவர் அவர். பேசப் போகும் இடத்திலெல்லாம் "தொட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். பள்ளிக்கூடங்களில் அப்படித்தான், தொலைக்காட்சியிலும் அப்படித்தான். என் கல்யாண வரவேற்பில் வாழ்த்துவதற்காக மேடை ஏறியவர், மைக்கை விடாமல் அந்தக் குழந்தையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு இறங்கினார். மணமக்கள் இருவர் பின்னால் நின்றுகொண்டிருந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. என் மாமியார் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை எவ்வளவு அழகாகப் பேசுகிறான் பாருங்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார்.

அந்தக் குழந்தைக்கு வயது ஒரு கோடி ஆண்டு. சிரிக்க வேண்டாம். சூரியனுக்கு நானூற்றைம்பது கோடிக்கு மேல் ஆகிறது. அந்தக் கணக்கில் ஒரு கோடி என்பது பல் முளைக்காத வயதுதான். நமக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு சின்ன வயதில் வேறு நட்சத்திரம் இல்லை என்று என் மச்சான் அடித்துச் சொன்னார். அதைச் சொல்லியே பேராசிரியர் ஆனார், ஒரு குழுவுக்குத் தலைவர் ஆனார், ஜன்னல் உள்ள அறை வாங்கினார்.

நான் அதே நிறுவனத்தில் நிறமாலைக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். தொலைநோக்கி பிடித்துக் கொடுக்கும் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் இருக்கும் மெல்லிய கருப்புக் கோடுகளைப் பதிவு செய்யும் கருவி அது. சூடு துளி ஏறினாலும் கோடுகள் நகர்ந்துவிடும் என்பதால், மூடிய குளிர் அறையில் வைத்திருப்போம். கோடை வெயிலிலும் நான் கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போவேன். இதைப் பார்த்த என் மச்சான் சொந்தக்காரர்களிடம், "எங்க மாப்பிள்ளை ஏசி பாத்துக்குறார்" என்று என்னை அறிமுகம் செய்வார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். வேறு என்ன செய்வது, மனைவியின் அண்ணன்.

மச்சானின் குணத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வீட்டுக்கு மூத்த பிள்ளை. பிறந்ததிலிருந்து அவர் தப்பு செய்ததே இல்லை. அவரைச் சுற்றியிருந்த பொருள்கள்தான் தப்பு செய்தன. பள்ளியில் மதிப்பெண் குறைந்தால் வாத்தியாருக்குக் கண் சரியில்லை. கேரம் விளையாடித் தோற்றால் பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. காரைக் கொண்டுபோய் வாசல் தூணில் இடித்துவிட்டு, தூணைத் தள்ளி வைத்துக் கட்டச் சொல்லிக் கொத்தனாரை வரவழைத்தார். அவர் வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் அடிக்கடி மாறும். ஏறி நிற்பார், முள் காட்டுவதைப் பார்ப்பார், குனிந்து இயந்திரத்தை ஒரு தட்டு தட்டுவார், மறுநாள் அது குப்பைக்குப் போயிருக்கும். ஒருமுறை ஓர் இயந்திரம் நிஜமாகவே பழுதாகி எடையைக் குறைத்துக் காட்டியது. அதைப் பல வருடம் வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட ஆள் நட்சத்திரங்களுக்கு வயது சொல்லும் வேலைக்கு வந்தால் என்ன ஆகும்?

நட்சத்திரத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிறந்த புதிதில் அது ஊதிப் போய்க் கிடக்கும். வயது ஏற ஏறச் சுருங்கும். நிறமாலைக் கோடுகளை வைத்து அது எவ்வளவு சூடு, எவ்வளவு பெரிசு என்று கண்டுபிடிக்கலாம். பிறகு, இந்தச் சூட்டோடும் இந்த அளவோடும் இருந்தால் இத்தனை வயது என்று கணினியில் போட்டு வைத்திருக்கும் மாதிரிக் கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டியதுதான். வீட்டுக்கு வரும் பெரியப்பாக்கள் பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, கனத்தை வைத்து எத்தனை மாதம் என்று சொல்வார்களே, அதேதான். கணிதம் கொஞ்சம் கூடுதல், பந்தா நிறையக் கூடுதல்.

முதல் சில வருடங்கள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. எத்தனை தடவை பார்த்தாலும் விடை ஒரு கோடியை ஒட்டியே வந்தது. மச்சான் கொடிகட்டிப் பறந்தார். அதற்குப் பிறகு அந்த நட்சத்திரம் மெல்ல மெல்ல வேறு மாதிரிக் காட்ட ஆரம்பித்தது. விடை ஒன்றேகால் கோடி வந்தது, ஒன்றரை வந்தது. வானம் நிர்மலமாக இருந்த ஒரு பருவத்தில் கிட்டத்தட்ட இரண்டு கோடி வந்து நின்றது. குழந்தை சில வருடத்தில் ஒரு கோடி வயது வளர்ந்துவிட்டது.

சாதாரண மனுஷனாக இருந்தால், இது என்னடா கூத்து என்று உட்கார்ந்து யோசித்திருப்பான். என் மச்சான் அந்த இரவுகளுக்குக் 'கெட்ட ராத்திரி' என்று பெயர் வைத்து வெட்டி எறிந்தார். சராசரிக்கு ஒத்துவராத பதிவுகளை ஒதுக்குவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மேகம் வரும், தூசி வரும், கை தவறும். ஆனால் அவர் குழுவில் ஒரு ராத்திரி நல்லதா கெட்டதா என்பதை வானத்தைக் கேட்டு முடிவு செய்யவில்லை, விடையைக் கேட்டு முடிவு செய்தார்கள். ஒரு கோடி வந்தால் நல்ல ராத்திரி. இரண்டு கோடி வந்தால் கெட்ட ராத்திரி. புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு முதல் பாடமே இதுதான். படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே!

கெட்ட ராத்திரிகள் கொஞ்சமாக இருந்தவரை சமாளித்தார். ஒரு கட்டத்தில் எல்லா ராத்திரியும் கெட்டதாகிப் போனது. இனி மேகத்தின் மேல் பழி போட முடியாது. தட்டிப் பார்த்துக் குப்பையில் போட ஓர் இயந்திரம் வேண்டியிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் என் கருவி இருந்தது.

கூட்டம் போட்டார்கள். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், நடுவில் இயக்குநர். என் மச்சான் எழுந்து, கருவியில் கோளாறு இருக்கிறது, சில வருடமாகக் கோடுகளைத் தப்பாகக் காட்டுகிறது என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். தினமும் வேலை தொடங்கும்போது முதலில் ஒரு கிழட்டு நட்சத்திரத்தைப் பதிவு செய்வது எங்கள் வழக்கம். அது எந்தச் சேட்டையும் செய்யாத நட்சத்திரம். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை வைத்திருக்கிறோம். இத்தனை வருடமும் அது இம்மி பிசகாமல் ஒரே மாதிரிதான் காட்டியிருக்கிறது. கருவி கெட்டிருந்தால் கிழவியும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? மச்சான் கொஞ்சமும் அசரவில்லை. அந்த நட்சத்திரம் பிரகாசமானது, கோளாறு மங்கலான நட்சத்திரத்தில்தான் தெரியும் என்றார். நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார். இயக்குநர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு இன்னொரு கூட்டம் இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நட்சத்திரம் ஏன் மாறியது என்று எனக்கும் தெரியாது. என் கருவி மாறவில்லை என்பது மட்டும்தான் தெரியும். பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஜன்னல் அறைக்காரரோடு மோத முடியாது.

கருவியைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்துக் கீழ்த்தளக் கிடங்கில் வைத்தார்கள். என்னையும் அங்கேயே ஒரு மேஜையில் போட்டார்கள். பழுதான கருவியின் பழைய பதிவுகளை இனி யாரும் ஆய்வுக்கு எடுக்கக் கூடாது என்று மச்சான் தன் அறிக்கையில் பிடிவாதமாக ஒரு வரி சேர்த்தார். பதிவுகள் இருந்த வன்தட்டுகளும் பூட்டுப் போட்ட அலமாரிக்குள் என் பொறுப்பில் போயின. கொஞ்ச நாளில் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்து பெட்டிகளை மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். லென்ஸ் அவர்களுக்கு வேண்டுமாம், குளிரூட்டி இன்னொருவருக்கு வேண்டுமாம். வருடக் கடைசியில் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடம் நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட கருவி. அது பொய் சொன்னது என்ற பேரோடு துண்டு துண்டாகப் போகப் போகிறது. 

வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால், என் மனைவி அண்ணன் கட்சி. அவள் தவறாகச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணன் தெரியாமல் சொல்வாரா, நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்களேன் என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழுந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று இரண்டு பேரும் சொல்லாமலே முடிவு செய்துகொண்டோம்.

இப்படியிருக்கையில் வெளியூரிலிருந்து ஓர் அம்மா எங்கள் நிறுவனத்துக்குப் பேச வந்தார். ஒல்லியான உருவம், சத்தமில்லாத குரல். இளம் நட்சத்திரங்களின் காந்தப் புலம் பற்றிப் பேச்சு. மச்சான் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசை.

அந்த அம்மா சொன்னது இது. இளம் நட்சத்திரம் வேகமாகச் சுழலும். அதனால் அதன் காந்தப் புலம் மிகவும் பலமாக இருக்கும். உள்ளிருந்து கொதித்து மேலே வரும் சூட்டை அந்தக் காந்தம் மறிக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் நட்சத்திரம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் உப்பிப் போகும். மேல்பரப்பில் கரும்புள்ளிகள் படர்ந்து குளிர்ந்து தெரியும். நிறமாலைக் கோடுகளில் சிலவும் காந்தத்தால் தடித்துப் போகும். ஆனால் வயது சொல்லும் மாதிரிக் கணக்குகளில் பெரும்பாலானவற்றில், வசதிக்காகக் காந்தத்தைச் சேர்ப்பதே இல்லை. உப்பலாக, குளிர்ச்சியாக ஒன்றைக் கண்டதும் அந்தக் கணக்கு, அட, இது பிறந்த குழந்தை என்று சொல்லிவிடும். நிஜ வயது இரண்டு மடங்காகக்கூட இருக்கலாம்.

அதோடு விடவில்லை. உப்பல் சட்டென்று மாறாது. ஆனால் புள்ளிகளும் கோடுகளின் தடிப்பும் சில வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். காந்தம் ஆட்டம் போடும் வருடங்களில் பார்த்தால் வயது குறைவாக வரும். அது அடங்கிய வருடங்களில் அதே நட்சத்திரத்தைப் பார்த்தால் வயது கூடுதலாக வரும். அடங்கிய வருடத்து விடைதான் உண்மைக்குப் பக்கம், அதுவும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் என்றார்.

கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கருவி மாறவில்லை, கிழவியும் மாறவில்லை. மாறியது குழந்தைதான். என் மச்சான் வெட்டி எறிந்த ஒவ்வொரு கெட்ட ராத்திரியும் அந்த நட்சத்திரம் அடங்கிக் கிடந்து உண்மை பேசிய ராத்திரி. அது ஆட்டம் போட்ட வருடங்களில் சொன்ன பொய்யைத்தான் அவர் தொட்டில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்ததும் மச்சான் எழுந்து கேள்வி கேட்டார். குட்டு வெளிப்பட்ட ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒரே நட்சத்திரத்தை ஆட்டம், அடக்கம் இரண்டு காலத்திலும் தொடர்ந்து பதிவு செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா, எனக்குத் தெரிந்து இல்லை, யாரிடமாவது இருந்தால் அது பெரிய பொக்கிஷம் என்றார். மச்சான் மெதுவாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி தட்டில் நறுக்கி வைத்தாள். கிடங்கு வசதியாக இருக்கிறதா, தூசி ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இவ்வளவு அக்கறை என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"மாப்ள, அந்தப் பழைய ராத்திரிங்க எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?" என்று கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"கெட்ட ராத்திரிங்களா மச்சான்?"

"இப்ப எதுக்கு அந்தப் பேரு. அதை எனக்குக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

அவருடைய குழுவில் அந்தப் பதிவுகள் ஒன்றுகூட இல்லை. கெட்டது என்று ஒதுக்கியதோடு அழித்தும் விட்டார்கள். மூலப் பதிவுகள் என் அலமாரியில்தான் இருந்தன. அதை யாரும் எடுக்கக் கூடாது என்று உங்கள் அறிக்கையே சொல்கிறதே என்றேன். அதற்கென்ன, குடும்பத்துக்குள்தானே, யாருக்கும் தெரியாமல் ஒரு நகல் போட்டுக் கொடுங்கள் என்றார். கட்டுரையில் என் பேரையும் மூன்றாவதாகப் போடுவதாகச் சொன்னார். எனக்குப் பேர் வேண்டாம், கருவியில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுங்கள், அது திரும்ப மேலே ஏற வேண்டும் என்றேன்.

முகம் சுருங்கியது. அப்படி எழுதினால், முன்பு ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்பார்களே என்றார். கொஞ்சம் யோசித்து, இப்படி வைத்துக்கொள்ளலாமா என்று சப்பைக்கட்டு கட்டினார்: கோளாறு இருந்தது, பிறகு சரிசெய்துவிட்டோம் என்று எழுதலாம், அவருக்கும் அசிங்கமில்லை, எனக்கும் கருவி கிடைத்துவிடும்.

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"கருவி கெட்டிருந்துச்சுன்னா அந்த ராத்திரிங்க உங்களுக்கு எதுக்குமே உதவாது மச்சான். அந்த ராத்திரிங்க வேணும்னா, கருவி அப்பவும் நல்லாதான் இருந்துச்சு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மச்சான் ஒரு துண்டு ஆப்பிளை எடுத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். என் மனைவி சமையலறை வாசலில் துண்டால் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்கள் அங்குமிங்கும் ஓடின. பழைய பேரா, புதுப் பேரா என்று உள்ளே எடைபோட்டுப் பார்க்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. புதுப் பேர்தான் கனமாக இருந்திருக்க வேண்டும். மடிக்கணினியைக் கேட்டு வாங்கி, இயக்குநருக்கு மின்னஞ்சல் தட்டினார். கருவி எல்லாக் காலத்திலும் பிழையின்றி இயங்கியிருக்கிறது, மாற்றம் நட்சத்திரத்தில்தான், பதிவுகள் அனைத்தும் நம்பத்தக்கவை, கருவியை உடனே மறுபடி பொருத்த வேண்டும். அனுப்பிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், திங்கட்கிழமை காலையில் வன்தட்டு கைக்கு வந்துவிட வேண்டும் என்றார். எழுந்து செருப்பைத் தேடினார்.

அப்போதுதான் என் மனைவி பேசினாள்.

"அண்ணே, இவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

அதில் துளி நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. தன் தங்கை எதைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தார், எதுவும் அகப்படவில்லை, போய்விட்டார். என் மனைவி மீதி ஆப்பிளைத் தட்டோடு தூக்கிக் குப்பையில் கொட்டினாள். இரவு எனக்குச் சாப்பாடு போடும்போது, கருவியை மேலே ஏற்ற எத்தனை நாள் ஆகும் என்று அவளாகவே கேட்டாள்.

கட்டுரை வெளிவந்தது. காந்தத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இளம் நட்சத்திரங்களின் வயது எவ்வளவு தப்பாக வரும் என்பதற்கு, இத்தனை வருடத் தொடர்ச்சியான பதிவு வேறெங்கும் இல்லை என்று பாராட்டுகிறார்கள். மச்சான் இப்போது ஊர் ஊராகப் போய், தன்னை ஏமாற்றிய குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். சொந்தத் தவறைத் தானே திருத்திக்கொண்ட நேர்மையாளர் என்று ஒரு சால்வையும் போர்த்தியாகிவிட்டது. நான் மறுபடி கம்பளிச் சட்டையோடு குளிர் அறைக்குப் போகிறேன். கருவி ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் அதைக் கிடங்கிலிருந்து மேலே ஏற்றியது என் நியாயம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. நியாயத்தைக் கூட்டத்திலேயே சொன்னேன், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அந்த மனுஷனுக்கு இன்னொரு பேர் வேண்டும் என்ற ஆசை வந்திருக்காவிட்டால் லென்ஸ் ஒரு ஊரிலும் குளிரூட்டி இன்னொரு ஊரிலும் கிடந்திருக்கும். நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் அவர்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.